எழுதியது எங்கே இருக்கிறது?

பாலக்காடு ஜில்லாவின் கிழக்கோரத்தில், சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், அங்கன்வாடி ஆசிரியைகளுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குமாக நடைபெற்ற கணிப்பொறிப் பயிற்சி வகுப்பொன்றில் ஒரு நாள் முழுதும் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வகுப்பில் வழங்கப்பட்ட கைப்புத்தகத்தைத் தமிழாக்கியவன் நான். அது எவ்வாறு பயன்படுகிறது என்று நேரில் காணும் ஆவலே என்னை அங்கு கொண்டு சேர்த்தது. பிற்பகலில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியை திரையில் தாம் நிரப்பிய படிவத்தைச் சுட்டிக்காட்டி, "சார், நான் எழுதினது இப்போ இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கா, இல்லே திருவனந்தபுரம் போயிடுச்சா?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். பயிற்சி அளித்தவர், "அதெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சரே, அடுத்த பட்டனை அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு அப்பால் சென்றார்.

அன்று அவ்வகுப்பில் எழுந்த கேள்விகளுள் அதுவே தலையாயது என்பது என் துணிபு. கணிப்பொறி, அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி, இணையம் ஆகிய மூன்றையும் பற்றித் தொடக்க நிலையில் ஒருவர் அறிய வேண்டியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. எங்கள் கைப்புத்தகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அதற்கு விடை இல்லை. எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது, எதனை அடுத்து அழுத்துவது என்ற வரிசை மட்டுமே இருந்தது.

கேரளத்தின் கிழக்கெல்லையில் தமிழ் பேசும் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளை இவ்வேட்டின் வாசகர்கள் அறிவர். பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்கள். இடுக்கி ஜில்லாவில் மூணாறு, தேவிகுளம், வட்டவடை, மறையூர், பீர்மேடு, வண்டிப்பெரியார் முதலிய மலையூர்கள். இரு ஜில்லாக்களும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. ஆயினும் தமிழகத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பது இரண்டுக்கும் பொது. தமிழ் வழியில் கற்கும் பிள்ளைகள், மலையாளத்தில் வரும் சுற்றறிக்கை, ஆங்கிலத்தில் விரியும் கணிப்பொறித் திரை என்று மூன்று மொழிகளுக்கிடையே அங்குள்ள ஆசிரியரின் நாள் கழிகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அம்மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியிலேயே அரசாங்கத்துக்கு எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடமளித்திருக்கிறது. காகிதத்தில் எழுதிய காலத்தில் அதற்கு ஓர் எழுதுகோல் போதும். இன்றோ மனு எழுதுவதற்கும் கணிப்பொறி அறிவு வேண்டியிருக்கிறது.

அந்த அறிவைப் பரப்புவதில் கேரளம் பின்தங்கவில்லை. 2002ஆம் ஆண்டில் தொடங்கிய அக்ஷயா திட்டம், குடும்பத்துக்கு ஒருவரேனும் கணிப்பொறியைக் கையாளக் கற்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் மலப்புறம் ஜில்லாவில் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளுக்கென 2001இல் தோன்றிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருள்களைப் பள்ளிகளில் நிலைநிறுத்தியது அதன் சிறப்பான பணி. இவை பாராட்டுக்குரியன. என் குறை இத்திட்டங்களின் மீதன்று. தொடக்கப் பாடத்தை நாம் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதன் மீதே.

அக்குறையில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் உதவித்தொகைக்கான ஒரு விண்ணப்பப் படிவத்துக்குரிய விளக்கக் குறிப்பைத் தமிழாக்கினேன். படிவத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று, அதுவரை நிரப்பியதைப் பிறகு தொடர்வதற்காக வைத்துக்கொள்வது. மற்றொன்று, நிறைவுற்ற விண்ணப்பத்தை முடிவு செய்ய வேண்டிய அலுவலகத்துக்கு அனுப்புவது. இரண்டையும் நான் 'பதிவு செய்க' என்றே எழுதினேன். அகராதியின்படி இரண்டும் தவறல்ல. ஆனால் மலையில் உள்ள ஒரு பள்ளியின் ஆசிரியர் முதற் பொத்தானை அழுத்தி, பதிவாயிற்று என்ற செய்தியைக் கண்டு நிம்மதியுற்று, பெற்றோரிடமும் அவ்வாறே தெரிவித்துவிட்டார். நிரப்பிய விவரங்கள் நடுவழியில் தங்கின. கடைசித் தேதி கடந்தது. அவ்வாண்டு அப்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிட்டவில்லை. பிழை என்னுடையது என்பதை அறிய எனக்கே ஓராண்டு ஆயிற்று. இருக்கும் இடத்தையும் சேரும் இடத்தையும் வேறுபடுத்திக் காட்டாத ஒரு சொல் சில வீடுகளில் ஓராண்டின் புத்தகச் செலவைப் பறித்துக்கொண்டது.

ஆகவே, தொடக்கப் பாடத்தைப் பெட்டியிலிருந்து தொடங்குவோம். மேசைமேல் இருக்கும் கணிப்பொறியும், சட்டைப்பையில் இருக்கும் அலைபேசியும் அமைப்பால் ஒன்றே. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும் செயலி ஒன்று. வேலை நடக்கும்போது விவரங்களை ஏந்தி நிற்கும் தற்காலிக நினைவகம் ஒன்று. மின்சாரம் போனாலும் அழியாமல் வைத்திருக்கும் சேமிப்பகம் ஒன்று. உள்ளே செலுத்துவதற்கு விசைப்பலகை அல்லது தொடுதிரை. வெளியே காட்டுவதற்குத் திரை. இவற்றுள் மாணவரைக் குழப்புவது நினைவகமும் சேமிப்பகமும்தான். ஆசிரியர்களுக்கு இதைவிட எளிய உவமை வேறு வேண்டியதில்லை: முன்னது கரும்பலகை, பின்னது பதிவேடு. கரும்பலகையில் எழுதுவது விரைவு, பார்ப்பது எளிது. மணி அடித்ததும் அழிந்துவிடும். பதிவேட்டில் ஏற்றியது நாளையும் இருக்கும். 'சேமி' என்ற பொத்தான் செய்வதெல்லாம் கரும்பலகையில் உள்ளதைப் பதிவேட்டில் ஏற்றுவது. மழைக்காலத்தில் நாளொன்றுக்குப் பலமுறை மின்சாரம் நின்றுபோகும் ஊர்களில் இவ்வேறுபாட்டை அறியாதவர் அரைநாள் உழைப்பை ஒரு நொடியில் இழப்பார். இழந்த பிறகு, 'கம்ப்யூட்டர் சாப்பிட்டுவிட்டது' என்று யந்திரத்தின் மீது பழி சுமத்துவார்.

இக்கரும்பலகை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்து 1960இல் இயக்கிய டிஃப்ராக் என்னும் கணிப்பொறியின் நினைவகத்தில் 2,048 சொல்லிடங்கள் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் 40 பிட்டுகள். பிட் என்பது பூச்சியம் அல்லது ஒன்று என்னும் ஒரே ஒரு குறி. ஆக மொத்தம் 81,920 குறிகள். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 4 ஜிகாபைட் அலைபேசியின் நினைவகத்தில் அத்தகைய குறிகள் 3,400 கோடிக்கும் அதிகம். டிஃப்ராக் நம் நாட்டின் பெருமைக்குரிய சாதனை. அதனினும் பல லட்சம் மடங்கு பெரிய கரும்பலகையை நம் அங்கன்வாடி ஆசிரியை கைப்பையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்.

நிற்க. பெட்டியில் உள்ள பொருள்கள் தாமாக ஒன்றும் செய்யமாட்டா. என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகக் கூறும் கட்டளைத் தொகுதி வேண்டும். இவ்விரண்டையும் நாம் 'வன்பொருள்', 'மென்பொருள்' என்று வழங்குகிறோம். இச்சொற்கள் வேரூன்றிவிட்டன, அவற்றைப் பிடுங்கும் எண்ணம் எனக்கில்லை. எனினும், மென்பொருள் என்றதும் ஒரு மாணவன், "தொட்டால் மெத்தென்று இருக்குமா?" என்று கேட்டானாம். அவன் கேட்டது நியாயம். ஆங்கிலத்திலேயே அது பாதி வேடிக்கையாகப் பிறந்த சொல். வேடிக்கையை மொழிபெயர்த்தால் பொருள் வந்துவிடுமா? பள்ளிக்கூடக் கட்டடம் வன்பொருள், கால அட்டவணை மென்பொருள் என்று சொல்லிப் பாருங்கள். கட்டடம் ஒன்றே, அட்டவணையை மாற்றினால் காலையில் கணக்கு நடந்த அதே அறையில் மாலையில் பாட்டு நடக்கும். கூரை ஒழுகினால் அட்டவணையைத் திருத்திப் பயனில்லை. அட்டவணை பிழைபட்டால் கொத்தனாரை அழைத்துப் பயனில்லை. பழுது எதில் என்று பிரித்தறியும் பழக்கம் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். எல்லைப்புறத்தில் இதுவே நாள்தோறும் எழும் தொல்லை. கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். ஆதலால் உலகின் எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வோர் எண் வழங்கும் யூனிகோடு என்னும் பொது ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அதில் தமிழ் அகரத்தின் எண் 2949. ககரத்தின் எண் 2965. மலையாளத்தின் அகரத்துக்கு எண் 3333, ககரத்துக்கு 3349. கூர்ந்து நோக்கினால் இரண்டிலும் வேறுபாடு 384. நம்மிரு மொழிக்கும் பொதுவான ழகரத்தைப் பார்ப்போம்: தமிழில் 2996, மலையாளத்தில் 3380, வேறுபாடு மீண்டும் 384. இந்திய எழுத்துவரிசைகளை ஒரே ஒழுங்கில் அடுத்தடுத்து அமைத்ததன் விளைவு இது. எல்லைப்புறப் பள்ளிகளில் இதனைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் மலையாளப் பிள்ளையின் எழுத்து தன் எழுத்திலிருந்து 384 படி தள்ளி இருக்கிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கும் சிறுவன், கணிப்பொறிக்குள் எழுத்து எண்ணாக இருக்கிறது என்பதைப் பின்னர் மறக்கமாட்டான்.

யூனிகோடு பரவுவதற்கு முன் நம்மவர் வேறொரு வழியைக் கையாண்டனர். ஆங்கில எழுத்தின் எண்ணையே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்த எழுத்துருக்களை உண்டாக்கினர். பாமினி என்னும் எழுத்துருவை அறியாத தட்டச்சர் அரிது. அந்த எழுத்துரு உள்ள கணிப்பொறியில் தமிழ் அழகாகத் தெரியும். இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கூட்டமே தெரியும். மலையாளத்திலும் இதே கதை நிகழ்ந்தது. ஒருமுறை நான் அனுப்பிய தமிழாக்கம் ஒன்று ஓர் அலுவலகத்தில் அவ்வாறு சிதைந்து தோன்ற, அங்கிருந்த எழுத்தர், "மொழிபெயர்ப்பு முழுதும் பிழை" என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எழுத்தின் எண் வேறு, அதன் தோற்றம் வேறு என்று அவருக்கு எவரும் சொல்லித்தந்ததில்லை. இன்றும் சில பள்ளிகளில் வினாத்தாள்கள் பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு வருகின்றன. அவ்வாறு அடித்த தாளில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற மாணவருக்குப் படித்துக்காட்டும் கருவி அதனைப் படிக்காது. அவ்வழக்கத்தை ஆசிரியர்கள் இந்த ஆண்டிலேயே கைவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

விசைப்பலகையிலும் நமக்கு ஓர் எளிய வழி திறந்திருக்கிறது. இன்ஸ்கிரிப்ட் என்னும் விசைப்பலகை ஒழுங்கில், ஆங்கில கே எழுத்துள்ள விசையை அழுத்தினால் எந்த இந்திய மொழியைத் தேர்ந்திருக்கிறோமோ அந்த மொழியின் ககரம் தோன்றும். மலையாளத் தட்டச்சை இம்முறையில் கற்ற பிள்ளைக்குத் தமிழ்த் தட்டச்சும் ஏறக்குறைய வந்துவிட்டது என்றே கொள்ளலாம்; மொழியை மாற்றும் பொத்தானைக் காட்டினால் போதும். தமிழகத்தில் 1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை தமிழுக்கு மட்டும் நோக்கினால் மேலும் விரைவானது என்பதை மறுக்கவில்லை. இரு மொழியும் அன்றாடம் எழுத வேண்டிய சித்தூரிலும் தேவிகுளத்திலும் இன்ஸ்கிரிப்டே பொருந்தும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் சென்னையில் பலர் உண்டு. அவர்கள் மலையாளம் எழுத வேண்டியதில்லை.

இனி, ஆசிரியையின் கேள்வியின் பிற்பாதிக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்குப் போவது எவ்வாறு?

இதற்கு மூணாற்றின் பழைய தேயிலைப் போக்குவரத்தை நினைவூட்டுவேன். 1908 முதல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு ரயில் ஓடிற்று. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, பின் போடிநாயக்கனூரை அடைந்து, தூத்துக்குடித் துறைமுகம் சேர்ந்தன. தேயிலையை ஒரே குவியலாக எவரும் அனுப்பவில்லை. பெட்டி பெட்டியாக அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் குறியிட்டு அனுப்பினர். இணையத்தில் செய்தி செல்வதும் இவ்வாறே. ஒரு செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாது. பைட் என்பது எட்டுப் பிட்டுகள். வழக்கமான முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் செலவாவதால், விலாசத்துக்கு உரிய இடம் போக, 500க்குச் சற்றுக் குறைவான தமிழ்க் குறிகள் ஒரு பொட்டலத்தில் அடங்கும். ஒவ்வொன்றிலும் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் எண்விலாசமும், எத்தனையாவது பகுதி என்ற குறியும் உண்டு. பொட்டலங்கள் முன்பின்னாகச் சேரினும் அங்கே வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஒன்று காணாமற்போனால் அதனை மட்டும் மீண்டும் கேட்டு வாங்கலாம். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடியோடு அழித்தது. பாதை மீண்டும் அமைக்கப்படவேயில்லை. தேயிலை நின்றுவிடவில்லை, வேறு வழியில் சென்றது. இணையமும் ஒரு வழி அறுந்தால் மறு வழி நாடுமாறு அமைக்கப்பட்டதே. மறு வழி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

விலாசம் வேறு, வழி வேறு என்பதற்குப் பாலக்காட்டாருக்குப் பறம்பிக்குளத்தைக் காட்டினால் போதும். பறம்பிக்குளம் பாலக்காடு ஜில்லாவில் சித்தூர் தாலுகாவுக்குட்பட்டது. ஆயினும் பாலக்காட்டிலிருந்து சாலை வழியே அங்கு செல்வோர் தமிழகத்துக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் கடந்தே செல்ல வேண்டும். விலாசத்தில் கேரளம், வழியில் தமிழகம். அதுபோல், கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் பக்கத்து வீட்டாருக்கு அனுப்பும் செய்தி, மும்பையிலோ சென்னையிலோ இருக்கும் கணிப்பொறியைத் தொட்டுத் திரும்பி வரலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால் சுற்றுவழியை நாம் உணர்வதில்லை.

தொலைவிலிருந்து விவரம் வழங்கும் அக்கணிப்பொறியைச் 'சேவையகம்' என்றும் 'வழங்கி' என்றும் எழுதுகிறோம். மக்கள் வாயில் அது 'சர்வர்'. ஓட்டலில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றே அழைத்துப் பழகியிருக்கிறோம். பாடம் நடத்துவதற்கு இதனினும் நல்ல தற்செயல் வேண்டுமா? நாம் கேட்பதை உள்ளே சென்று எடுத்து வருபவர் அவர். அவர் வரவில்லையென்றால் நம் மேசையைத் தட்டிப் பயனில்லை. இதற்கு மாறாக, 'மேகம்' என்ற மொழிபெயர்ப்பை நான் அறவே வெறுக்கிறேன். பிறருடைய கணிப்பொறியில் நம் பொருளை வைப்பதற்கு மேகத்தில் வைத்தல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். இடுக்கியில் மேகம் என்றால் மழை. மழை என்றால் தொடர்பு அறுதல். அங்குள்ளவரிடம், உங்கள் ஆவணங்கள் மேகத்தில் பத்திரமாக உள்ளன என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தொடர்பு அறுதல் அங்கே சிறு தொல்லையாக முடிவதில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றுக்கு அப்பால் ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டவர் பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்தினர். மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில். உயிர் பிழைத்தவர்களிடம் அலைபேசிகள் இல்லாமலில்லை. அலைபேசி கம்பியில்லாச் சாதனம் என்று எண்ணுகிறோம். அது கோபுரம் வரையில்தான் உண்மை. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் மின்கலம் வேண்டும், அதுவும் தீர்ந்தால் டீசல் வேண்டும். கோபுரத்திலிருந்து ஊர் வரை கண்ணாடி இழையோ, மலைக்கு மலை நோக்கும் வானொலி இணைப்போ வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கையிலிருக்கும் கருவி விளக்கும் கடிகாரமுமாகவே மிஞ்சும். மலையூர்களில் பணிபுரியும் களப்பணியாளர் ஒவ்வொருவரும் தம் பகுதியின் கோபுரம் எது, அதன் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், அது நின்றால் அடுத்த வழி எது என்பதை மழைக்கு முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும். இதனை விஞ்ஞானப் பாடம் என்று கருதாமல் நிர்வாக விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் அவ்வாறு ஒதுக்கத் தயாராக இல்லை.

அதே 2020ஆம் ஆண்டில், ஜூன் முதல் நாள், நோய்ப்பரவலால் மூடிய பள்ளிகளின் பிள்ளைகளுக்காகக் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பாடங்களும் தயாரிக்கப்பட்டன. தொலைக்காட்சிக்கு இணையம் வேண்டாம். அது ஒருவழிப் பாதை. அதே பாடத்தை இணையத்தில் காண்பதற்கோ தொடர்ந்த இணைப்பு வேண்டும். இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிச் சேமிப்பகத்தில் வைத்துக்கொண்டால், இணைப்பே இல்லாத லயத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டலாம். மூன்றும் ஒரே பாடம். இருக்குமிடம் வேறு வேறு. இவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியருக்கு மலை உச்சியில் சமிக்ஞை தேடி மாணவரை நிற்கவைக்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்திருக்கும்.

இணையத்தை அணுகுவது கல்வியுரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் அலைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் திட்டம், மின்வாரியக் கம்பங்களின் வழியே கண்ணாடி இழையை இழுத்து, சுமார் 30,000 அரசு அலுவலகங்களையும் கல்வி நிலையங்களையும் இணைப்பதையும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு அளிப்பதையும் குறிக்கோளாகக் கொண்டது. உரிமையும் கம்பியும் வந்துசேரலாம். கம்பியின் மறுமுனையில் இருப்பது என்னவென்று அறியாதவருக்கு அவை எவ்வளவு பயன்படும்?

'கார் ஓட்டுபவன் இயந்திரத்தைப் பிரிக்கக் கற்க வேண்டுமா? பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதாதா?' என்று சிலர் வாதிப்பர். நகரத்துச் சமவெளியில் அது சரியான வாதம். போடிமெட்டில் ஜீப்பு ஓட்டுபவரைக் கேட்டுப் பாருங்கள். கொதித்தது தண்ணீரா எண்ணெயா, நின்றது மின்கலத்தாலா எரிபொருளாலா என்று அறியாதவரை நம்பி எவரும் அந்த ஏற்றத்தில் ஏறமாட்டார்கள். அவர் இயந்திரத்தைப் பிரிப்பதில்லை. பழுது எப்பக்கம் என்று சொல்கிறார். நம் களப்பணியாளரிடம் நான் வேண்டுவதும் அவ்வளவே. அங்காடியின் முன்னோ அலுவலகத்தின் முன்னோ பத்துப் பேர் காத்து நிற்கும்போது, 'கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, நாளைக்கு வாங்க' என்பதற்கும், 'பெட்டி நன்றாக இருக்கிறது, லைன் இல்லை. மழை விட்டதும் பார்க்கலாம்' என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதைக் கேட்டவர் ஒரு நாள் கூலியை மீண்டும் இழந்து மறுநாளும் வருவார். பின்னதைக் கேட்டவர் வானத்தைப் பார்த்துத் தாமே முடிவு செய்வார்.

சோதித்துப் பார்க்கும் முறையும் கடினமானதன்று. இணைப்பைத் துண்டித்துவிட்டு எதெல்லாம் திறக்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். திறப்பது பெட்டிக்குள் இருப்பது, திறக்காதது அப்பால் இருப்பது. ஒரே தளத்தை இரு கருவிகளில் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் திறந்து மற்றொன்றில் திறக்காவிடில் சர்வர் மீது குற்றமில்லை. எழுதிச் சேமிக்காமலே மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் இயக்கிப் பார்க்கட்டும். இப்பாடத்தைச் சிறு பத்தியோடு நடத்துவது நலம், பெரிய கட்டுரையோடு நடத்தி ஒரு மாணவியை நான் அழவிட்டிருக்கிறேன்.

எங்கள் கைப்புத்தகத்தின் திருத்திய பதிப்பு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இரு பொத்தான்களுக்கும் இம்முறை 'இங்கே வைத்துக்கொள்', 'அலுவலகத்துக்கு அனுப்பு' என்று எழுதியிருக்கிறேன். இலக்கண நயம் போதாது என்று மேலதிகாரி ஒருவர் ஓரத்தில் குறித்திருக்கிறார், விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில், சித்தூர், அட்டப்பாடி, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் பணிபுரியும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும், தம் மாணவரும் ஊராரும் இச்செயல்களுக்கு இயல்பாக வழங்கும் சொற்களைக் குறித்தனுப்பினால், அச்சுக்குப் போகுமுன் அவற்றையும் சேர்த்துப் பார்க்க இயலும்.